கொடியும் சாடியும் – 17: கொடியை எழுப்பும் மருந்து

அரிக்கமேட்டுச் சாடித் துண்டுகளும், நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் நட்டுப் பார்த்த 35 பிரெஞ்சு ரகங்களும் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு நினைவிருக்கும். திரும்பச் சொல்லி இடத்தை அடைக்க வேண்டாம். இந்த வாரம் ஓக் பீப்பாய் என்று சொல்லியிருந்தோம். அந்தப் பீப்பாய்க்குள் போன சிவப்பு ஒயினுக்கு வழிகாட்டிய மனிதரை அறிமுகம் செய்துவிட்டு அங்கே போகலாம்.

அவர் பெயர் மிஷேல் ரோலான். பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலையடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்த திராட்சைக்கு 1990-களின் நடுவில் ஆலோசகராக வந்தவர். கன்வல் குரோவரோ பிரான்சிலிருந்து உயர் தொழில்நுட்ப இயந்திரங்களை வரவழைத்து விற்ற தொழிலதிபர். ஷாம்பேன் வட்டாரத்து ஜோர்ஜ் வெஸெல் துணையோடு கொடியை வேர்பிடிக்க வைத்து, 1992-ல் முதல் ஒயினையும் எடுத்துவிட்டார். கொடி பிழைத்தது, பழம் காய்த்தது, சாறு புளித்து ஒயினாகவும் ஆனது. இனி அதை உலகத்தின் முன் தலைநிமிர்ந்து வைக்கும் சிவப்பு ஒயினாக்க வேண்டும். அதற்குத்தான் ரோலானைத் தேடிப் போனார்.

ரோலான் 1947 டிசம்பர் 24 அன்று லிபூர்ன் நகரில் பிறந்தார். போர்தோவுக்குக் கிழக்கே, தொர்தோன் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம் அது. அதை ஒட்டியிருக்கும் பொமெரோலில் குடும்பத்துக்கு லே போன் பாஸ்தர் என்ற சுமார் 7 ஹெக்டேர் தோட்டம் இருந்தது. நம் கணக்கில் பதினேழு ஏக்கர். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் அறிவியல் படித்தார். நவீன ஒயின் தயாரிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான எமில் பெய்னோவின் காலம் அது. உடன் படித்த தானியைத் திருமணம் செய்துகொண்டார். 1973-ல் கணவனும் மனைவியுமாக லிபூர்னில் ஓர் ஆய்வுக்கூடத்தை வாங்கினார்கள்.

ஆய்வுக்கூடம் என்றால், சுற்றுவட்டார விவசாயிகள் பாட்டிலில் மாதிரி கொண்டுவந்து கொடுக்கும் இடம். சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, வினிகராகத் திரும்ப ஆரம்பித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வந்தவை பெரும்பாலும் நோயாளி ஒயின்கள். அந்தப் பத்தாண்டில் போர்தோவுக்கு நல்ல பருவம் அரிது. 1972, 1974, 1977 எல்லாம் மழையிலும் குளிரிலும் போன ஆண்டுகள். செப்டம்பர் கடைசியில் மேகம் கறுத்தால் போதும், பழுத்ததோ இல்லையோ பறித்துவிடுவார்கள். அழுகிப் போவதைவிடப் புளிப்பாக இருப்பது மேல் என்பது ஊர் வழக்கம். சர்க்கரை போதவில்லையா, புளிக்கும் தொட்டியில் சர்க்கரையைக் கொட்டிக்கொள்ளச் சட்டமே இடம் கொடுத்தது.

மேசை மேல் இருக்கும் பாட்டிலைப் பார்த்து வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்த ரோலான், முதலில் கிடங்குக்குப் போனார். தொட்டிகள் அழுக்காக இருந்தன, பீப்பாய்கள் பழசாகி நாறின. அதைச் சரிசெய்த பிறகும் ஒயினில் பச்சை வாடை போகவில்லை. பிறகு தோட்டத்துக்குள் இறங்கினார். அவருடைய தொழில் வாழ்க்கையின் திருப்பம் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். கிடங்கில் செய்யும் எந்த வித்தையாலும் பழுக்காத பழத்தை ஈடுகட்ட முடியாது என்ற முடிவுக்கு வந்து, அதையே பிறகு ஒரு பிரசாரம் போல ஊர் ஊராகக் கொண்டுபோனார். காத்திரு, இன்னும் பழுக்கட்டும், பாதிக் காயை வெட்டிப் போடு, இலையைக் கிள்ளிக் குலைக்கு வெயில் காட்டு. 1982-ன் அருமையான பருவமும், அதைக் கொண்டாடிய அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் எழுத்தும் சேர்ந்து, பழுத்த, அடர்த்தியான, நாக்கில் வழுவழுவென்று இறங்கும் சிவப்பு ஒயினுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டன. 1986-ல் கலிபோர்னியாவின் சிமி ஒயினகம் அவரை அழைத்தது. அடுத்து அர்ஜென்டினா. நூற்றுக்கும் மேற்பட்ட ஒயினகங்களுக்கு ஆலோசகரானார். அந்த வரிசையில்தான் நந்தி மலையும் வருகிறது.

அவர் தத்துவத்தைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம். வில்லியனூர் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் விற்கும் கம்பம் பன்னீர் திராட்சையில் கால் கிலோ போதும்.

ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் லேசாக அழுத்துங்கள். சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கறுப்புத் தோல் விரலிலேயே நிற்கும். சதையைப் பாருங்கள், இளம்பச்சைக் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். சாற்றில் சிவப்பு கிடையாது, அத்தனை நிறமும் தோலின் உட்புறத்தில். தோலை நகத்தால் சுரண்டினால் விரல் ஊதாவாகும். இப்போது அந்தத் தோலை மட்டும் வாயில் போட்டு நன்றாக மெல்லுங்கள். ஈறு ஓரத்தில் ஒரு துவர்ப்பு பிடிக்கும். அதுதான் டானின். கடைசியாக விதை. பச்சையாக இருந்தால் கசந்து நாக்கை இழுக்கும். பழுப்பேறியிருந்தால் வறுத்த கொட்டையைக் கடித்தது போல நொறுங்கும், கசப்பு குறைவாக இருக்கும்.

நல்ல சிவப்பு ஒயின் செய்பவர் அறுவடைக்கு முன் தினமும் செய்வது இதைத்தான். சர்க்கரையை அளக்கக் கருவி உண்டு. ஆனால் தோலும் விதையும் பழுத்துவிட்டனவா என்பதற்கு வாய்தான் நம்பகமான கருவி. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். சிவப்பு ஒயினோ தோல், விதை, சாறு எல்லாம் ஒரே தொட்டியில் நாள்கணக்கில் கிடந்து புளிப்பது. சாராயம் ஊற ஊற அது தோலிலிருந்தும் விதையிலிருந்தும் எல்லாவற்றையும் கரைத்து இழுக்கும். விதை பச்சையாக இருந்தால் அந்தப் பச்சைக் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். பிறகு எந்தப் பீப்பாயில் வைத்தாலும் போகாது.

போர்தோவில் இந்தப் பாடம் ஒரு பிரச்சினைக்கு மருந்தாக இருந்தது. நந்தி மலையில் பிரச்சினையே தலைகீழ். அங்கே பழம் பழுப்பது பிப்ரவரி, மார்ச்சில், வறண்ட வானம். மழைக்குப் பயந்து முன்கூட்டிப் பறிக்க வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போகும் மாதங்கள் அவை. சர்க்கரை ஓட்டமாக ஓடும். தோலும் விதையும் பின்தங்கும். விதைக்காகக் காத்திருந்தால் பழத்தின் இயல்பான புளிப்பு கரைந்துவிடும். புளிப்பில்லாத சிவப்பு ஒயின் வாயில் சவசவவென்று உட்கார்ந்துவிடும், பாட்டிலிலும் நீடிக்காது. போர்தோவில் சர்க்கரை சேர்க்க வேண்டியிருந்ததென்றால், வெப்ப நாடுகளில் டார்டாரிக் அமிலம் சேர்க்க வேண்டியிருக்கிறது. காத்திரு என்று உலகம் முழுக்கச் சொல்லிவந்தவர் இங்கே எத்தனை நாள் காத்திருப்பது என்பதைக் கத்தி முனையில் நின்று கணக்கிட வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பிரான்சில் செப்டம்பரில் பழுக்கும் கொடி இங்கே ஏன் பிப்ரவரியில் பழுக்கிறது? இதைத் துருவப் போனதில்தான் இந்த வாரத்தின் பாதி கரைந்தது.

போர்தோவின் கொடி ஆண்டுக்கு நான்கைந்து மாதம் தூங்கும். நவம்பரில் இலை உதிர்ந்து, கட்டை மட்டும் நிற்கும். குளிர்காலத்தில் ஒருமுறை கவாத்து. ஏப்ரலில் கண் விழித்துத் தளிர்விடும். குளிர் என்பது கொடிக்குக் கடிகாரம். அந்தக் குளிர்தான் எல்லாத் தளிர்க் கண்களையும் ஒரே வாரத்தில் திறக்க வைக்கிறது. தென்னிந்தியாவில் அந்தக் கடிகாரம் கிடையாது. இங்கே கொடி தூங்காது. விட்டால் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நின்று, நுனியில் மட்டும் நீண்டுகொண்டே போகும். ஒரு குச்சியில் பூ, இன்னொன்றில் காய், மற்றொன்றில் பழம் என்று கலந்துகட்டி நிற்கும்.

ஆகவே குளிர் செய்யும் வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது. ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து. கொடியை ஏறத்தாழ மொட்டையடித்து, ஒன்றிரண்டு கண் மட்டும் விட்டுவிடுவார்கள். அதிலிருந்து புதுக் குச்சிகள் வளரும். கோடை வெயிலில் அந்தக் குச்சிகளின் கண்ணுக்குள், வெளியே எதுவும் தெரியாத நிலையிலேயே, வரப்போகும் குலை கருவாக உருவாகிவிடும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எத்தனை குலை என்று எண்ணலாம். பிறகு அக்டோபர் வாக்கில் இரண்டாவது கவாத்து. இது பழத்துக்கான கவாத்து. குச்சியைக் கருவுள்ள கண் வரை விட்டு வெட்டுவார்கள். அங்கிருந்து பூ, காய், பிப்ரவரி, மார்ச்சில் பழம். இரண்டு முறை வெட்டி ஒருமுறை பழம் எடுப்பது மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஒயின் திராட்சைக்கு உள்ள முறை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் ரகத்துக்கு ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு காய்ப்பு எடுத்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டில் ஐந்து காய்ப்புகூட உண்டு. வருடம் முழுக்க வில்லியனூர் தள்ளுவண்டிக்குப் பழம் வந்துகொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான்.

இப்போது தலைப்பில் சொன்ன மருந்து. அக்டோபர் கவாத்து முடிந்தாலும் கண்கள் ஒன்றுபோலத் திறப்பதில்லை. நுனியில் இருக்கும் ஒன்றிரண்டு கண்கள் முந்திக்கொண்டு, கீழே உள்ளவற்றை அமுக்கிவிடும். ஆகவே வெட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு திரவத்தில் துணியை நனைத்து, ஒவ்வொரு கண்ணிலும் தொட்டு வைப்பார்கள். குச்சி குச்சியாக, கண் கண்ணாக. ஏக்கருக்கு எத்தனை ஆயிரம் தொடல் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் திரவத்தின் பெயர் ஹைட்ரஜன் சயனமைடு. டார்மெக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் விற்பது. அது கண்ணுக்குள் ஓர் அதிர்ச்சியைக் கொடுத்து, குளிர்காலம் முடிந்துவிட்டது என்று கொடியை நம்பவைக்கிறது. எல்லாக் கண்ணும் சேர்ந்து விழித்துக்கொள்கின்றன.

இதைத் தொட்டு வைக்கும் ஆள் அன்று சாயங்காலம் ஒரு சொட்டு மதுவும் தொடக் கூடாது. முந்தின நாளும் கூடாது, அடுத்த நாளும் கூடாது.

காரணம் நம் ஈரலில் இருக்கிறது. குடித்த சாராயத்தை ஈரல் இரண்டு படியாக உடைக்கிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகிறது. இரண்டாவது படியில் ஒரு நொதி அதை ஆபத்தில்லாத அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. சயனமைடு இந்த இரண்டாவது நொதியை முடக்கிவிடும். தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ கொஞ்சம் உள்ளே போயிருந்தால் போதும், ஒரு கிளாஸ் குடித்தவுடன் அசிட்டால்டிஹைடு தேங்கி, முகம் செக்கச்செவேலென்று சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை பிளந்து, இரத்த அழுத்தம் இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். ஜெர்மனியில் கால்சியம் சயனமைடு உரத் தொழிலாளர்களிடம் இந்த விசித்திரத்தைக் கவனித்து 1914-லேயே எழுதியிருக்கிறார்கள். பிறகு அதே குணத்தை வைத்துக் குடியை நிறுத்தும் மருந்தாகவே சயனமைடை ஜப்பானில் பயன்படுத்தினார்கள். நம் குடிமறுவாழ்வு மையங்களில் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை வேறு பொருள். ஆனால் முடக்குவது அதே நொதியைத்தான். 1948-ல் டென்மார்க்கில் இரண்டு ஆய்வாளர்கள் அதன் குணத்தை உலகத்துக்குச் சொன்னார்கள்.

ஒயினுக்காகக் கொடியை எழுப்பும் மருந்தே ஒயினைக் குடிக்க முடியாமல் செய்கிறது. இத்தனை வாரம் திராட்சையைப் பற்றிப் படித்ததில் இப்படி உறைந்துபோய் உட்கார வைத்த செய்தி வேறு இல்லை. வியப்போடு கவலையும் சேர்ந்தே வருகிறது. மருந்து டப்பாவின் மேல் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அதைத் துணியில் நனைத்துத் தொடுபவர்கள் கூலிக்கு வருபவர்கள். வேலை முடிந்து போகிற வழியில் உடல் அலுப்புக்கு ஒரு மடக்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் எந்த ஊர்க் கூலியாளுக்கும் இருக்கலாம். சாராயக்கடை வைத்திருக்கும் நம் புதுச்சேரிக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. கையுறை கொடுத்தால் மட்டும் போதாது. இன்றைக்கும் நாளைக்கும் குடிக்காதே, குடித்தால் இப்படி ஆகும் என்று அவர் மொழியில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தொழிலாளர் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2008-ல் இந்த மருந்துக்கு அனுமதி மறுத்தது. வேறு வழி இல்லாத வெப்ப நாடுகளில் அது தொடர்கிறது.

சரி, ரோலானிடம் திரும்புவோம். கண் விழித்தாகிவிட்டது, குலை வந்தாகிவிட்டது. இனி அவருடைய இரண்டாவது கட்டளை: வெட்டிப் போடு.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னீர் ரகத்துக்குச் சொல்லும் விளைச்சல் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 30 டன். போர்தோவின் நல்ல தோட்டங்களில் ஹெக்டேருக்கு 50 ஹெக்டோலிட்டர் ஒயின் என்றால் அது தாராளமான கணக்கு. அதற்கு ஆறரை, ஏழு டன் பழம் போதும். நம் விளைச்சலில் கால்பங்கு. இன்னும் உசத்தியாக வேண்டும் என்பவர்கள் அதிலும் குறைப்பார்கள். காய் பச்சையாக இருக்கும்போதே தோட்டத்தில் இறங்கி, குலைகளைக் கத்தரித்துத் தரையில் போட்டுவிடுவது. கொடியின் முழுச் சத்தும் மிச்சம் இருக்கும் சில குலைகளுக்குப் போய்ச் சேரும். எல்லாம் ஒரே சீராகப் பழுக்கும்.

விவசாயம் பார்த்த யாருக்கும் இது நெஞ்சை அடைக்கும் காரியம். பொமெரோலிலும் அப்படித்தான் இருந்தது. ரோலான் ஆய்வுக்கூடம் வாங்கிய அதே 1973-ல், பொமெரோலின் பெட்ரூஸ் தோட்டத்தில் கிறிஸ்தியான் முயெக்ஸ் என்ற இளைஞர் முதன்முதலாகப் பச்சைக் குலைகளை வெட்டிப் போட்டபோது ஊரே கொதித்தது. கடவுள் கொடுத்த விளைச்சலைத் தரையில் போட்டு மிதிப்பதா என்று ஊர்ப் பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தாராம். தோட்டத்தின் பக்கமாக நடந்துபோனவர்கள் தரையில் கிடந்த பச்சைக் குலைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இன்று உலகத்தின் விலை உயர்ந்த சிவப்பு ஒயின்களில் பெட்ரூஸும் ஒன்று. குலை கழிப்பது நல்ல தோட்டங்கள் பலவற்றிலும் சாதாரணம்.

ரோலானைப் பெரியவராக்கியது இந்தப் பிடிவாதம்தான் என்பது இந்தத் தொடரின் எண்ணம். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கலவைத் திறமையைத்தான் சொல்வார்கள். உண்மைதான், அளவு குறித்த கண்ணாடிக் குழாயும் மாதிரிப் பாட்டில்களும் மேசையில் இருந்தால், இந்தத் தொட்டியிலிருந்து இத்தனை, அந்தத் தொட்டியிலிருந்து இத்தனை என்று நாக்கால் பொருத்திப் பார்த்து ஒரு ஒயினைக் கட்டி எழுப்பிவிடுவார். ஆனால் கலப்பதற்கு முன்னால், குறைவாக எடு என்று தோட்டக்காரரைச் சம்மதிக்க வைப்பது இருக்கிறதே, அதுதான் கடினம். டன் கணக்கில் விலை வாங்கியே பழகிய ஒரு நாட்டில் குறைந்த விளைச்சலுக்கு ஒப்புக்கொண்ட குரோவர் குடும்பத்துக்கும் அந்தப் பாராட்டில் பங்கு உண்டு.

இந்தக் கணக்குகளைப் பேசிக்கொண்டிருந்தபோது பண்டசோழநல்லூரில் கரும்பு போடும் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், நந்தி மலையில வருதுன்னா நம்ம கொல்லையில வராதா? செம்மண்ணு நம்மகிட்டயும்தான் இருக்கு." நியாயமான கேள்வி. புதுச்சேரியின் கிராமப்புறம் முழுக்க இந்தக் கேள்வி எழ வேண்டும். பிரெஞ்சுக்காரர் இத்தனை காலம் ஆண்ட மண்ணில் ஏன் ஒரு ஒயின் தோட்டம்கூட நிலைக்கவில்லை?

மண் பிரச்சினையே இல்லை. பிரச்சினை இரவுதான். நந்தி மலையடிவாரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். பகலில் வெயில் அடித்தாலும் பிப்ரவரி இரவு 15, 17 டிகிரிக்கு இறங்கும். பண்டசோழநல்லூர் கடலிலிருந்து அதிக தூரம் இல்லாத சமவெளி. அங்கே பிப்ரவரி இரவும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. திராட்சையின் தோலில் நிறம் ஏறுவதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். இரவும் வெக்கையாக இருந்தால் பழம் மூச்சு விட்டுக்கொண்டே தன் புளிப்பை எரித்துத் தீர்த்துவிடும். தோல் சிவக்காமல் மங்கலாக நின்றுவிடும். தின்பதற்குப் பழம் வரலாம். நல்ல சிவப்பு ஒயினுக்கு வராது.

இன்னொன்று மழை. புதுச்சேரியில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். பழக் கவாத்து வெட்டித் தளிர் விடும் நேரமும் அதே அக்டோபர். இளந்தளிர் மேல் வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் விடாமல் பெய்தால் அடிச்சாம்பல் நோய் வந்து தோட்டமே கருகிவிடும். கவாத்தைத் தள்ளி டிசம்பர் கடைசியில் வெட்டலாம் என்றால் பழம் பழுப்பது ஏப்ரல், மே. கத்திரி வெயிலில் சிவப்பு ஒயின் எடுப்பது நடக்காத காரியம். நம் கடலோரப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவருவது மூன்றாவது தொல்லை. அதற்காவது வழி உண்டு: டாக்ரிட்ஜ் என்ற அமெரிக்க அடிக்கொடி உப்பையும் வறட்சியையும் தாங்கும், இந்தியத் தோட்டங்களில் அதன் மேல்தான் பெரும்பாலும் ஒட்டுக் கட்டுகிறார்கள். இரவுக்கு ஒட்டுக் கட்ட வழியில்லை. கரும்புக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நமக்கு கரும்பே சரி" என்று எழுந்துகொண்டார்.

ரோலான் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையில்லை. 2004-ல் ஜோனதன் நாசிட்டர் எடுத்த 'மோண்டோவினோ' என்ற ஆவணப்படம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அதில் ரோலான் ஓட்டுநர் ஓட்டும் காரில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பறந்துகொண்டே இருப்பார். எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதித் தருவார்: நுண் ஆக்ஸிஜன் செலுத்து. புளித்து முடிந்த ஒயினுக்குள் மிகச் சிறு குமிழிகளாக ஆக்ஸிஜனை விட்டு டானினை மிருதுவாக்கும் முறை அது. தென்மேற்கு பிரான்சின் மதிரான் வட்டாரத்தில், வாயை இழுக்கும் தனா என்ற முரட்டுத் திராட்சைக்காக பத்ரிக் துகூர்னோ 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. ஊருக்கு ஊர் மாறுபட வேண்டிய ஒயினை இவர் ஒரே அச்சில் வார்த்துவிட்டார் என்பது படத்தின் வாதம். படம் தன்னை நியாயமாகக் காட்டவில்லை என்பது ரோலான் தரப்பு.

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பழுத்த பழம், புது ஓக், மிருதுவான டானின் என்ற ஒரே ருசி 1990-களில் பல நாடுகளில் பரவியதில் அவருக்குப் பங்கில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பல தலைமுறையாகத் தனி ருசி வளர்த்திருந்த ஊர்களுக்கு அது இழப்பு. ஆனால் நந்தி மலையில் அழிப்பதற்கு ஒரு பழைய ருசி இருக்கவில்லை. அங்கே அவர் சொல்லிக்கொடுத்தது அரிச்சுவடி: தொட்டியைச் சுத்தமாக வை, விதையைக் கடித்துப் பார், வெயிலுக்கு முன்னால் விடிகாலையில் பறி, சின்னக் கூடையில் கொண்டுவா, மெருகேற்ற ஓக்கை அளவாகப் போடு. இதைக் கற்றுக்கொண்ட பிறகே தனி ருசியைப் பற்றிப் பேச முடியும்.

அந்தக் கூட்டில் பிறந்ததுதான் லா ரிசர்வ். கேபர்னே சாவிஞோனும் ஷிராஸும் கலந்து, பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஊறவைத்த சிவப்பு ஒயின். பிரான்சில் கேபர்னேவோடு மெர்லோ சேர்ப்பது போர்தோ வழக்கம். ரோலான் மெர்லோவின் பொமெரோலிலேயே வளர்ந்தவர். ஆனால் நந்தி மலைக் கலவையில் மெர்லோவின் இடத்தை வெப்பம் தாங்கும் ஷிராஸ் பிடித்துக்கொண்டது. தன் ஊர்ப் பழத்தை விட்டுக்கொடுத்து மண்ணுக்கு ஏற்ற பழத்தைப் பிடித்துக்கொண்ட ஒருவரை ஒரே அச்சில் வார்ப்பவர் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

2005-ல் பிரிட்டனின் டிகாண்டர் இதழில் ஸ்டீவன் ஸ்பரியர் இந்த ஒயினைப் புத்துலக (ஐரோப்பாவுக்கு வெளியே விளைந்த) சிவப்பு ஒயின்களில் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தார். 1976-ல் பாரிஸில் பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னிய ஒயினையும் லேபிளை மறைத்துப் போட்டிக்கு வைத்து, கலிபோர்னியா ஜெயித்து உலகத்தை அதிரவைத்த அதே ஸ்பரியர்தான். ஒயின் உலகம் இந்தியாவைப் பொருட்படுத்த ஆரம்பித்ததில் அந்த ஆண்டுக்கு ஓர் இடம் உண்டு. 2012-ல் குரோவர் நிறுவனம் நாசிக்கின் வாலே தெ வேனோடு இணைந்து குரோவர் ஜாம்பா ஆனது.

பீப்பாய் இந்த வாரமும் நின்றுவிட்டது. அடுத்த வாரம் அதைத் தவிர வேறில்லை. ஒரு சின்ன முன்னோட்டம் மட்டும். பீப்பாய்க்கு உலகத்திலேயே பேர்போன ஓக் மரங்கள் நடு பிரான்சின் துரோன்சே காட்டில் வளர்கின்றன. பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர், கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று 1670-ல் அந்தக் காட்டைச் சீர்படுத்திக் காக்க உத்தரவிட்டார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1664-ல், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவரும் அவரே. அந்தக் கம்பெனியின் கப்பல்கள்தான் புதுச்சேரிக் கரைக்கு வந்தன. கப்பலுக்காக வளர்த்த காடு எப்படிப் பீப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)